லாஸ் ஏஞ்சல்ஸில் 21 சீசன் ஒரு ஃபுட்பால் அணி கூட இல்லாமல் போனது ஏன்?

கேள்வி இதுதான்: மக்கள்தொகையில் நியூயார்க்குக்கு அடுத்த அமெரிக்க நகரம் லாஸ் ஏஞ்சல்ஸ். அங்கே 1995 முதல் 2015 வரை, அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.-இன் அணி ஒன்று கூடக் கிடையாது. ஆனால் சுமார் ஒரு லட்சம் பேர் மட்டும் வசிக்கும் கிரீன் பே என்கிற ஊரில் நூறு வருஷமாக அணி இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்களுக்கு ஃபுட்பாலில் ஆர்வமே இல்லையா? (முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டத்தைத்தான் இங்கே ஃபுட்பால் என்கிறேன்.)

ஆர்வம் இருந்தது. வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், 'வெயில் ஊர், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கடற்கரைக்குப் போய்விடுவார்கள், அணி தோற்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்' என்பது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் முக்கியமான காரணம் பணம். ஸ்டேடியம் கட்ட வரிப்பணம் தர மாட்டோம் என்று ஊர் பிடிவாதமாக நின்றது. லீகுக்கோ, அங்கே ஒரு அணி இருப்பதைவிட இடம் காலியாகக் கிடப்பதே வசதியாக இருந்தது.

முதலில் ஆர்வம் இருந்தது என்பதற்கு ஆதாரம். 1945-ல் கிளீவ்லாந்து ராம்ஸ் அணி சாம்பியன் பட்டம் வென்றது. வென்ற கையோடு அதன் முதலாளி டேன் ரீவ்ஸ் அணியை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆட அவர் கேட்ட இடம் கொலிசியம், 1932 ஒலிம்பிக் நடந்த பிரம்மாண்டமான ஸ்டேடியம், பொதுச் சொத்து. அன்றைக்கு என்.எஃப்.எல்.-இல் கறுப்பின வீரர்களே கிடையாது, 1934-லிருந்து அப்படித்தான். ஹேலி ஹார்டிங் போன்ற உள்ளூர்க் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் கொலிசியம் கமிஷனின் கூட்டத்துக்கே போய், எங்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஸ்டேடியத்தில் எங்களைச் சேர்க்காத அணிக்கு இடம் கொடுப்பீர்களா என்று கேட்டார்கள். ராம்ஸ் பணிந்தது. 1946-ல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் பழைய நட்சத்திரம் கென்னி வாஷிங்டனையும், அப்புறம் வுடி ஸ்ட்ரோடையும் ஒப்பந்தம் செய்தது. ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக் பேஸ்பாலில் கால் வைப்பதற்கு ஒரு வருஷம் முன்பே நடந்த விஷயம் இது. அணிக்கு நிபந்தனை போடும் ஊராகத்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் தொடங்கியது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டமும் வந்தது. 1957 நவம்பர் 10-ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸுக்கு எதிரான ஆட்டத்துக்கு 1,02,368 பேர். ஆர்வமில்லாத ஊரில் ஒரு லட்சம் டிக்கெட் விற்காது.

பிறகு என்ன ஆனது என்பதற்கு லீகின் வரவு செலவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ராம்ஸ் அணியின் பொது மேலாளராக இருந்த பீட் ரோசெல் 1960-ல் லீகின் கமிஷனர் ஆனார், அப்போது அவருக்கு வயது 33. அதுவரை ஒவ்வொரு அணியும் தன் டி.வி. ஒப்பந்தத்தைத் தானே போட்டுக்கொண்டிருந்தது. பெரிய ஊர் அணிக்குப் பெரிய தொகை, கிரீன் பே போன்றவற்றுக்குச் சில்லறை. எல்லா அணிகளின் உரிமையையும் ஒன்றாக விற்று, வரும் பணத்தைச் சரிசமமாகப் பிரித்துக்கொள்வோம் என்று ரோசெல் எல்லோரையும் சம்மதிக்கவைத்தார். அதற்கு அனுமதி தரும் சட்டம் 1961-ல் நிறைவேறியது. லாஸ் ஏஞ்சல்ஸ் அணியை நடத்திய அனுபவத்தோடு போன மனிதர்தான், லாஸ் ஏஞ்சல்ஸின் அளவுக்கு மதிப்பில்லாமல் செய்யும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தார்.

இந்த ஏற்பாடு இன்றும் அப்படியே நடக்கிறது. 2021-ல் லீக் போட்ட டி.வி. ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு, 11 வருஷத்துக்குச் சுமார் 11,000 கோடி டாலர். அது 32 பங்காகப் பிரிகிறது. கிரீன் பே அணி ஊர் மக்களே பங்கு வைத்திருக்கும் அணி என்பதால் அதன் கணக்கு வருஷாவருஷம் வெளியே வரும். அண்மைக் கணக்குகளில் லீகிலிருந்து வந்த பங்கு மட்டும் 40 கோடி டாலருக்கு மேல். நியூயார்க் அணிக்கும் அதே தொகைதான். ஐ.பி.எல். பார்க்கிறவர்களுக்கு மையத் தொகுப்பிலிருந்து பங்கு பிரிப்பது தெரிந்த விஷயமாக இருக்கும். அதுபோலத்தான், ஆனால் இங்கே வருமானத்தில் மிகப் பெரிய பகுதியே இதுதான்.

ஆக, ஊர் பெரிது என்பதற்காக ஒரு முதலாளிக்கு டி.வி. பணத்தில் ஒரு டாலர் கூடக் கிடைக்காது. எது அவருக்கே அவருக்கு என்று மிஞ்சுகிறது? தனி அறைகளாக இருக்கும் சொகுசு பாக்ஸ்களின் வாடகை, ஸ்டேடியத்தின் பெயரை ஒரு கம்பெனிக்கு விற்கும் பணம், பார்க்கிங், உள்ளே விற்கும் பீர், விளம்பரப் பலகைகள். இவற்றை மற்ற 31 பேரோடு பெரும்பாலும் பங்கு போட வேண்டியதில்லை. இவை எல்லாமே ஸ்டேடியத்திலிருந்து வருபவை. 1980-களின் கடைசியிலிருந்து முதலாளிகள் தேடியது நல்ல ஸ்டேடிய ஒப்பந்தத்தைத்தான். நடுத்தரமான ஊரில் புது ஸ்டேடியம் இலவசமாகக் கிடைத்தால், பெரிய ஊரின் பழைய ஸ்டேடியத்தைவிட அதில் லாபம் அதிகம்.

லாஸ் ஏஞ்சல்ஸிடம் இருந்ததோ கொலிசியம். 1923-ல் திறந்தது. மைதானத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம், அதனால் முதல் வரிசையில் உட்கார்ந்தாலும் ஆட்டம் எங்கேயோ நடப்பது போலத் தெரியும். சொகுசு பாக்ஸ் கிடையாது. நிர்வாகமோ மாநிலம், கவுன்ட்டி, நகரம் என்று மூன்று தரப்பும் உட்கார்ந்த ஒரு கமிஷன். ஒரு குழாயை மாற்றவும் மூன்று பக்கம் தலையாட்ட வேண்டும்.

அளவே அதற்கு எதிரியானது. டி.வி. இருட்டடிப்பு என்று ஒரு விதி இருந்தது. 1973-லிருந்து அது இப்படி: ஆட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பு டிக்கெட் எல்லாம் விற்றுத் தீரவில்லையென்றால், ஸ்டேடியத்திலிருந்து 75 மைல் சுற்றளவில் அந்த ஆட்டத்தை டி.வி.யில் காட்டக்கூடாது. ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு ஆட்டம் என்றால் வியாழன் மதியத்தோடு கணக்கு முடிந்துவிடும். 60,000 டிக்கெட் விற்றால் வேறு ஊரில் ஸ்டேடியம் நிரம்பி வழியும், டி.வி.யிலும் வரும். கொலிசியத்தில் 90,000-க்கும் மேல் இருக்கைகள். அதே 60,000 பேர் வந்தால் மூன்றில் ஒரு பங்கு காலி. பத்திரிகையில் 'பாதி வெறிச்சோடிய ஸ்டேடியம்' என்று எழுதுவார்கள், வீட்டில் இருப்பவன் ஆட்டத்தையே பார்க்க முடியாது. அணியின் மேல் புதிதாக ஒரு பையனுக்கு எப்படிப் பிடிப்பு வரும்? இந்த ஊர்க்காரர்கள் ஆர்வமற்றவர்கள் என்ற பெயர் இப்படித்தான் வேர் பிடித்தது என்பது என் எண்ணம்.

ராம்ஸின் அடுத்த முதலாளி கரோல் ரோசன்புளூம், இதற்கு மேல் கொலிசியம் வேண்டாம் என்று தெற்கே ஆனஹைமுக்குப் போக ஒப்பந்தம் போட்டார். 1979-ல் ஃப்ளோரிடாக் கடலில் மூழ்கி இறந்துபோனார். மனைவி ஜார்ஜியா (பின்னாளில் ஜார்ஜியா ஃப்ரான்டியர்) கைக்கு அணி வந்தது, 1980-ல் அணி ஆனஹைம் போனது. ஆனஹைம் வேறு கவுன்ட்டி, டிஸ்னிலாண்ட் இருக்கும் ஊர், கொலிசியத்திலிருந்து சுமார் 30 மைல். லாஸ் ஏஞ்சல்ஸ் டிராஃபிக்கில் அது எவ்வளவு தூரம் என்று அங்கே கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

காலியான கொலிசியத்துக்கு ஓக்லாந்திலிருந்து ஆல் டேவிஸ் தன் ரெய்டர்ஸ் அணியைக் கொண்டுவர நினைத்தார். லீக் தடுத்தது. டேவிஸும் கொலிசியம் கமிஷனும் சேர்ந்து ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். 1982-ல் ரெய்டர்ஸ் வந்தது, 1984 ஜனவரியில் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலும் வென்றது. ஆனால் டேவிஸ் வந்ததே சொகுசு பாக்ஸ்களை நம்பித்தான், அந்தப் பாக்ஸ்கள் கட்டி முடிக்கப்படவே இல்லை. கமிஷனோடு சண்டை.

இந்த இடத்தில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லாமல் போக முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே இர்விண்டேல் என்று ஒரு குட்டி ஊர். குடியிருந்தவர்கள் ஆயிரம் பேர் அளவில். ஊர் முழுக்க ஜல்லி தோண்டிய பள்ளங்கள். அந்தப் பள்ளம் ஒன்றில் ஸ்டேடியம் கட்டித் தருகிறோம் வாருங்கள் என்று 1987-ல் டேவிஸை அழைத்தார்கள். அச்சாரமாக ஒரு கோடி டாலர் கொடுத்தார்கள். திருப்பித் தர வேண்டியதில்லை என்று எழுதியும் கொடுத்தார்கள். ஸ்டேடியம் வரவில்லை. சுற்றுச்சூழல் வழக்கு, கடன் பிரச்சினை என்று ஒவ்வொன்றாக முளைத்துத் திட்டம் படுத்துவிட்டது. டேவிஸ் ஒரு கோடியைப் பையில் போட்டுக்கொண்டார், பள்ளம் பள்ளமாகவே கிடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் ஸ்டேடியம் என்றாலே அரசியல்வாதிகள் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதற்கு இர்விண்டேலின் கதையும் ஒரு காரணம்.

1994 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். ஒரே நாளில் இரண்டு அணிகளுக்கும் உள்ளூரில் கடைசி ஆட்டம். ஆனஹைமில் ராம்ஸ் 21-24 என்று வாஷிங்டனிடம் தோற்றது, பார்க்க வந்தவர்கள் 25,000 சொச்சம். கொலிசியத்தில் ரெய்டர்ஸ் 9-19 என்று கான்சஸ் சிட்டியிடம் தோற்றது. அடுத்த சீசனில் இரண்டுமே ஊரில் இல்லை. அந்த 25,000-ஐக் காட்டித்தான் 'பார்த்தீர்களா, ஆளே வரவில்லை' என்பார்கள். அந்த வருஷம் ராம்ஸ் ஆடிய 16-ல் 4 ஜெயித்தது, அதற்கு முந்தைய நான்கு சீசனும் தோல்வி சீசன்தான். முதலாளி ஊரைவிட்டுக் கிளம்பப்போகிறார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எந்த ஊரில்தான் கூட்டம் வரும்?

ராம்ஸ் போனது செயின்ட் லூயிஸுக்கு. அந்த ஊர், அணி எதுவும் கையில் இல்லாமலே பொதுப்பணத்தில் கூரை போட்ட ஸ்டேடியத்தைக் கட்டத் தொடங்கியிருந்தது. வா வா என்று அழைத்ததில் குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரியையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்: 2005-லும் 2015-லும் இந்த ஸ்டேடியம் லீகில் உள்ள ஸ்டேடியங்களில் முதல் கால்பகுதிக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் அணி குத்தகையை முறித்துக்கொள்ளலாம். இருபது வருஷம் கழித்து அந்த வரி அவர்களைக் கடித்தது.

ரெய்டர்ஸுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்திலேயே, இங்கிள்வுட்டின் ஹாலிவுட் பார்க் குதிரைப் பந்தய மைதானத்தில் ஸ்டேடியம் கட்டும் பேச்சு 1995-ல் நடந்தது. லீக் ஒப்புதலும் தந்தது. ஆனால் இன்னொரு அணிக்கும் இடம் தர வேண்டியிருக்கும் என்ற நிபந்தனையோடு. டேவிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓக்லாந்துக்கே போய்விட்டார்.

சரி, இரண்டும் போய்விட்டன. இவ்வளவு பெரிய ஊருக்கு உடனே வேறு ஒன்று வந்திருக்க வேண்டாமா? லீக் ஏன் அவசரப்படவில்லை?

முதல் காரணம், டி.வி.யில் நஷ்டமே இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் மக்கள் டி.வி.யில் ஆட்டம் பார்ப்பதை நிறுத்திவிடவில்லை. சொல்லப்போனால் அவர்களுக்கு நல்ல காலம் பிறந்தது. உள்ளூர் அணி என்று ஒன்று இருந்தால் அது எவ்வளவு மட்டமாக ஆடினாலும் அதைத்தான் காட்டுவார்கள், டிக்கெட் விற்காவிட்டால் அதுவும் இல்லை. உள்ளூர் அணி போனபின், அந்த வாரத்தின் நல்ல ஆட்டங்களாகப் பார்த்துக் காட்டினார்கள். சோபாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன குறை?

இரண்டாவது காரணம்தான் முக்கியம். காலியான லாஸ் ஏஞ்சல்ஸ் மற்ற முதலாளிகள் எல்லோருக்கும் பேரம் பேச உதவியது. தன் ஊரில் புது ஸ்டேடியம் வேண்டுமா? லாஸ் ஏஞ்சல்ஸில் யாரோடோ சாப்பிட்டதாக ஒரு செய்தி கசிந்தால் போதும். 1996-ல் சியாட்டில் சீஹாக்ஸ் முதலாளி கென் பெஹ்ரிங் ஒருபடி மேலே போய், அணியின் அலுவலகத்தையே லாரியில் ஏற்றி, ராம்ஸ் விட்டுப்போன ஆனஹைம் பயிற்சி இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். நாளுக்கு 5 லட்சம் டாலர் அபராதம் என்று லீக் மிரட்டியதும் திரும்பிப் போனார். ஆனால் சியாட்டில் பயந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் பால் ஆலன் அணியை வாங்க முன்வந்தார், 1997-ல் வாஷிங்டன் மாநிலத்தில் வாக்கெடுப்பு நடந்து மிகக் குறைந்த வித்தியாசத்தில் புது ஸ்டேடியத்துக்குப் பொதுப்பணம் கிடைத்தது. 2012-ல் மினசோட்டா சட்டமன்றம் வைக்கிங்ஸ் அணிக்காக ஏறக்குறைய 50 கோடி டாலர் பொதுப்பணம் ஒதுக்கியபோதும் லாஸ் ஏஞ்சல்ஸ் என்ற பெயர் எல்லோர் வாயிலும் இருந்தது. இப்படிப் பல ஊர்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு அணி உட்கார்ந்துவிட்டால் இந்த மிரட்டல் செல்லாது. யாரும் திட்டமிட்டுச் சதி செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவசரப்பட்டு அந்த இடத்தை நிரப்ப யாருக்கும் தேவை இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஊரின் பக்கம் வருவோம். கலிஃபோர்னியாவில் 1978-ல் மக்களே வாக்களித்துச் சொத்து வரிக்குக் கடிவாளம் போட்டார்கள். ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று உள்ளாட்சி புது வரி போட வேண்டுமானால் வாக்காளரில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதிக்க வேண்டும். கோடீஸ்வரருக்கு ஸ்டேடியம் கட்ட மூன்றில் இரண்டு பங்கு வாக்கு யார் வாங்குவது? அதோடு, 1984 ஒலிம்பிக்கையே தனியார் பணத்தில் நடத்தி 20 கோடி டாலருக்கு மேல் மிச்சம் பிடித்த ஊர் அது. 'நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?' என்று கேட்கும் பழக்கம் ஊறிப்போயிருந்தது.

1999-ல் இது வெளிச்சத்துக்கே வந்தது. லீக் 32-வது அணியைப் புதிதாக உருவாக்கியது. முதலில் லாஸ் ஏஞ்சல்ஸுக்குத்தான் என்று முடிவு செய்து, ஸ்டேடியத் திட்டத்தோடு வாருங்கள் என்று கெடு கொடுத்தார்கள். ஹாலிவுட் பெரும்புள்ளி மைக்கேல் ஓவிட்ஸ் ஒரு பக்கம், கட்டுமானத் தொழிலதிபர் எட் ரோஸ்கி இன்னொரு பக்கம். ஒருவர் திட்டத்தை மற்றவர் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நகரமும் மாநிலமும் பெரிதாகப் பணம் எதுவும் தருவதாக இல்லை. கெடு முடிந்தது. ஹூஸ்டனிலிருந்து பாப் மெக்நேர் 70 கோடி டாலரும், பொதுப்பணம் கலந்த ஸ்டேடியத் திட்டமும் கையில் கொண்டுவந்தார். அணி ஹூஸ்டனுக்குப் போய்விட்டது.

இன்னொரு சிக்கல். லாஸ் ஏஞ்சல்ஸ் என்று நாம் சொல்வது ஒரே ஊர் இல்லை. அந்தக் கவுன்ட்டியில் மட்டும் 88 நகராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டேடியத் திட்டம். கொலிசியத்தைப் புதுப்பிப்போம் என்று ஒரு கட்சி. பேஸ்பால் டாட்ஜர்ஸ் மைதானத்தின் பக்கத்திலேயே கட்டலாம் என்று அதன் முதலாளி பீட்டர் ஓ'மாலி யோசித்தார். கொலிசியத்துக்குப் போட்டியாகாதே என்று நகரத் தலைவர்கள் சொன்னதும் கைவிட்டார். பாசடேனாவின் ரோஸ் பௌல் மைதானத்துக்கு லீகைக் கொண்டுவரலாமா என்று 2006-ல் கேட்டதற்கு அந்த ஊர் வாக்காளர்கள் வேண்டாம் என்று ஓங்கிச் சொல்லிவிட்டார்கள். ரோஸ்கி 2008-ல் சிட்டி ஆஃப் இண்டஸ்ட்ரியில் கட்டுகிறேன் என்றார், சுற்றுச்சூழல் விதிவிலக்கு கூட வாங்கினார், அணி வரவில்லை. 2011-ல் ஏ.இ.ஜி. நிறுவனம் நகர மையத்தில் ஃபார்மர்ஸ் ஃபீல்டு என்று அறிவித்தது. கல் நடும் முன்பே பெயரை 30 வருஷத்துக்கு விற்றும்விட்டார்கள். 2015-ல் அதுவும் கைவிடப்பட்டது. படம் வரைந்த ஸ்டேடியங்களுக்கு அந்த ஊரில் பஞ்சமே இருந்ததில்லை.

இப்போது கடற்கரைக் காரணத்துக்கு வருகிறேன். ஊருக்கு மாற்று இருந்தது என்பது நிஜம். கூடைப்பந்துக்கு லேக்கர்ஸ் இருக்கிறது, பேஸ்பாலுக்கு டாட்ஜர்ஸ் இருக்கிறது. ஃபுட்பால்தான் வேண்டும் என்றாலும் யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. என்று இரண்டு பெரிய பல்கலைக்கழக அணிகள். 2000-களில் பீட் கேரல் பயிற்சியில் யு.எஸ்.சி. அணி அதே கொலிசியத்தில் கூட்டத்தை அள்ளியது. அதைவிட முக்கியமானது, அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் வேறெங்கிருந்தோ வந்தவர்கள். சிகாகோவிலிருந்து வந்தவன் கூடவே சிகாகோ பேர்ஸையும் கொண்டுவருகிறான். அவனுக்குப் புதிதாக ஒரு அணி தேவையில்லை. ஆனால் இதெல்லாம் அணி இல்லாததை ஊர் பொறுத்துக்கொண்டதற்கான விளக்கம். அணி ஏன் போனது என்பதற்கான விளக்கம் ஆகாது.

கடைசியில் எப்படி வந்தது? பணக்காரர் ஒருவர் தன் சொந்தப் பணத்தைப் போட முடிவு செய்தபோதுதான். ஸ்டான் குரோன்கி ரியல் எஸ்டேட்காரர், அவர் மனைவி வால்மார்ட் குடும்பத்துப் பெண். ராம்ஸின் முழு உரிமை அவர் கைக்கு வந்திருந்தது. செயின்ட் லூயிஸ் குத்தகையில் அந்த வரி இருந்தது அல்லவா? நடுவர்கள் 2013-ல் அணியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். ஸ்டேடியத்தை மேம்படுத்த 70 கோடி டாலர் ஆகும், ஊர் மறுத்தது, குத்தகை தளர்ந்தது. 2014 ஜனவரியில் குரோன்கி இங்கிள்வுட்டில், பழைய ஹாலிவுட் பார்க் பக்கத்தில் 60 ஏக்கர் வாங்கினார். அந்த இடம் வால்மார்ட்டுடையது. பத்து வருஷம் முன்பு அங்கே கடை கட்டக்கூடாது என்று இங்கிள்வுட் மக்கள் வாக்களித்து விரட்டிய இடம். பக்கத்து நிலத்தின் உரிமையாளர்களோடு சேர்ந்து கிட்டத்தட்ட 300 ஏக்கரில் ஸ்டேடியம், வீடுகள், கடைகள், அலுவலகங்கள் என்று திட்டம் போட்டார். அவருடைய கணக்கில் ஸ்டேடியம் அந்தப் பெரிய மனைத் திட்டத்துக்கு ஆள் இழுக்கும் பகுதி. வருஷத்துக்குப் பத்துப் பதினோரு ஆட்டத்தை நம்பி யாரும் அவ்வளவு பணம் போட மாட்டார்கள்.

நகரசபை 2015 பிப்ரவரியில் வாக்கெடுப்பு கூட இல்லாமல் நேரடியாக ஒப்புதல் கொடுத்தது. மக்கள் கையெழுத்திட்ட மனுவைச் சபையே ஏற்றுக்கொண்டால் நீண்ட சுற்றுச்சூழல் ஆய்வு தேவையில்லை என்ற சந்து அங்கே இருக்கிறது. அதே மாதம் சான் டியேகோ அணியான சார்ஜர்ஸும் ஓக்லாந்தின் ரெய்டர்ஸும் சேர்ந்து கார்சனில் பழைய குப்பைக் கிடங்கின் மேல் 170 கோடி டாலரில் போட்டித் திட்டம் அறிவித்தன. 2016 ஜனவரி 12, ஹூஸ்டனில் ஒரு ஹோட்டலில் முதலாளிகள் கூடினார்கள். 30-2 என்ற வாக்கில் ராம்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸ் திரும்பலாம் என்று முடிவானது. இடம் மாறும் கட்டணம் 55 கோடி டாலர். அது மற்ற முதலாளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். காலியாக வைத்திருந்த இடத்துக்கு இருபது வருஷம் கழித்து லீக் நல்ல விலையும் வாங்கிவிட்டது, பாருங்கள்.

ஸ்டேடியம் 2020-ல் திறந்தது, செலவு 500 கோடி டாலருக்கு மேல். விமானநிலையத்துக்கு இறங்கும் விமானங்களின் பாதையில் இருப்பதால் உயரமாகக் கட்ட முடியாது. தரையைச் சுமார் நூறு அடி தோண்டி மைதானத்தை உள்ளே வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு பெரிய கட்டடம் என்றே தோன்றாது. முன்கூட்டிப் பொதுப்பணம் வாங்கவில்லை. சாலை, பாதுகாப்புச் செலவில் ஒரு பங்கைப் பின்னால் வரும் வரியிலிருந்து திரும்பப் பெறும் ஏற்பாடு மட்டும் உண்டு. ஊர் பிடித்த பிடிவாதம் கடைசியில் பெருமளவு பலித்தது என்றுதான் நான் சொல்வேன். அதற்கு விலை 21 சீசன்.

இப்போது இரண்டு அணிகள் இருக்கின்றனவே, பிரச்சினை தீர்ந்ததா? ராம்ஸ் பரவாயில்லை. 2022 பிப்ரவரியில் சொந்த ஸ்டேடியத்திலேயே சின்சினாட்டியை 23-20 என்று வென்று சூப்பர் பௌல் வாங்கியது. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பு அதே இடத்தில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு 21 சீசனின் பாதிப்பு தெரியும். ஃபார்ட்டி நைனர்ஸ் ரசிகர்கள் வடக்கிலிருந்து திரண்டு வந்து ஸ்டேடியத்தைச் சிவப்பாக்கிவிட்டார்கள். இந்த ஆட்டத்தில் பந்தை எப்போது பின்னால் தள்ள வேண்டும் என்று குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்தும் வீரர், கத்திச் சொல்வார். எதிரணி ஊரில் ஆடும்போது கூச்சலில் அது காதில் விழாது என்பதால் காலைத் தூக்கியோ சைகை காட்டியோ சமாளிப்பார்கள். அன்றைக்கு ராம்ஸ் தன் சொந்த மைதானத்திலேயே சைகையில் ஆட வேண்டியதாயிற்று. அடுத்த சில வாரங்களில் அதே அணியோடு பிளேஆஃப் ஆட்டம் வந்தபோது, லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்து முகவரி உள்ளவர்களுக்கு மட்டும் டிக்கெட் என்று கொஞ்ச நேரம் கட்டுப்பாடு போட்டுப் பார்த்தார்கள். அப்படியும் சிவப்பு நிறையத்தான் தெரிந்தது.

சார்ஜர்ஸ் நிலைமை இன்னும் பரிதாபம். 1960-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்து ஒரே வருஷத்தில் சான் டியேகோ போன அணி அது. 2016 நவம்பரில் சான் டியேகோ மக்கள் ஸ்டேடிய வரியை நிராகரித்ததும் 2017-ல் திரும்பி வந்தது. அழைத்தவர் யாருமில்லை. புது ஸ்டேடியம் தயாராகும்வரை கார்சனில் 27,000 பேர் கொள்ளும் சாக்கர் மைதானத்தில் ஆடியது. லீகிலேயே சின்ன ஸ்டேடியம், அதையும் பல வாரம் எதிரணி ரசிகர்கள்தான் நிரப்பினார்கள். இப்போது குரோன்கியின் ஸ்டேடியத்தில் வருஷத்துக்கு ஒரு டாலர் வாடகைக்குக் குடியிருக்கிறது. ஆனாலும் அது கிளம்பும் என்று நான் நினைக்கவில்லை. டி.வி. பங்கு எங்கிருந்தாலும் வரும், வாடகை ஒரு டாலர், ஸ்டேடியம் கட்டிய கடன் வீட்டுக்காரர் தலையில். ரசிகர் குறைவாக இருந்தாலும் இதைவிட மலிவான இடம் அந்த முதலாளிக்கு வேறெங்கே கிடைக்கும்?

செயின்ட் லூயிஸ் வழக்குப் போட்டது. 2021-ல் லீகும் குரோன்கியும் 79 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். ஊருக்கு அணி திரும்பி வரவில்லை. ஓக்லாந்து இரண்டாவது தடவையாக ரெய்டர்ஸை இழந்தது. 2020-ல் அந்த அணி லாஸ் வேகாஸ் போய்விட்டது, அங்கே ஹோட்டல் அறை வரியிலிருந்து 75 கோடி டாலர் ஸ்டேடியத்துக்குக் கிடைத்தது.